படகுக்குப் பின்னால நிக்கிறவங்க: சென்னையில ஒரு தன்னார்வ மீட்புக் குழுவுக்கு எப்படித் துணை நிக்கலாம்?

[காட்சி: மழை. லாரி மேல ஏத்திக் கட்டின பைபர் படகு.]

2015 டிசம்பர் 1 ராத்திரி. செம்பரம்பாக்கம் ஏரியில இருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணி போச்சு. விடிஞ்சு பார்த்தா, சைதாப்பேட்டையிலயும் கோட்டூர்புரத்துலயும் அடையாறு வீட்டுக்குள்ள நிக்குது. கடலோரக் குப்பத்து மீனவர்கள் படகை லாரியில ஏத்திக்கிட்டு ஊருக்குள்ள வந்தாங்க. அந்தப் படம் நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

அந்த லாரிக்கு டீசல் போட்டது யாரு? எந்தச் சந்துல வயசானவங்க இருக்காங்கன்னு கை காட்டினது யாரு? இந்த வீடியோ அவங்களுக்காக.

[காட்சி: வரைபடம். அரக்கோணத்துல இருந்து சென்னைக்கு ஒரு கோடு.]

தேசியப் பேரிடர் மீட்புப் படையோட 4வது பட்டாலியன் அரக்கோணத்துல இருக்கு. நம்ம ஊர்ல தீயணைப்புத் துறை இருக்கு. ஆபத்துன்னா முதல் போன் 112 இல்லன்னா 101, அதுல மாத்தமே இல்ல. ஆனா ஒரே நேரத்துல நூறு தெருவுல தண்ணி ஏறும்போது, முதல் சில மணி நேரம் பக்கத்துத் தெருக்காரங்க கையிலதான்.

[காட்சி: ரப்பர் படகு, மோட்டார், மூங்கில் கம்பு.]

ஒரு குழுவோட வேலை எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சாதான், எங்க உதவணும்னு புரியும். ரப்பர் படகுக்கு எதிரி வெள்ளம் இல்லைங்க. காம்பவுண்டு சுவர் மேல பதிச்ச கண்ணாடித் துண்டு, தண்ணிக்குள்ள மறைஞ்ச கேட்டோட ஈட்டிமுனை, இதுங்கதான். மோட்டார் விசிறியில மிதக்கிற புடவையும் கேபிள் ஒயரும் சுத்திக்கும். அதனால பாதித் தெருவுல மோட்டாரைத் தூக்கிட்டு, இடுப்பளவு தண்ணியில நடந்தே படகைத் தள்ளுவாங்க. முன்னால ஒருத்தர் மூங்கில் கம்பால குத்திப் பார்த்துக்கிட்டே போவார், மேன்ஹோல் மூடி இருக்கா, போயிடுச்சான்னு. அதோட, தெருவுல கரண்ட் நிறுத்தியாச்சுன்னு மின்வாரியத்துல உறுதி வாங்காம யாரும் இறங்கக் கூடாது. அந்தப் போனைக் கரையில இருக்கிற நீங்க பண்ணலாம்.

பல படகு மோட்டாருக்கு வெறும் பெட்ரோல் போதாது, 2டி ஆயில் கலக்கணும். பங்க் மூடியிருக்கிற அன்னைக்கு அந்த ஆயில் டப்பாவைத் தேடிப் பாருங்க, புரியும்.

ரொட்டியும் பிஸ்கட்டும் வேண்டாம்னு சொல்லல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்களுக்கு அதுவும் தேவைதான். ஆனா குழுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. அவங்க கேக்கிறது பெரும்பாலும் சின்னச் சின்னதா இருக்கும்: காஞ்ச துண்டு, பவர் பேங்க், சூடா டீ, கைகால்ல பட்ட வெட்டுக்கு மருந்து. அழுக்குத் தண்ணியில நின்னவங்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம், அதுக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதும் உதவிதான்.

[காட்சி: போன் திரை. ஒரே மெசேஜ் திரும்பத் திரும்ப வருது.]

இப்ப பெரிய தலைவலி. “அவசரம், கர்ப்பிணிப் பெண், உடனே உதவுங்க.” எப்ப அனுப்பினது? தெரியாது. அவங்களைக் கூட்டிட்டு வந்து ஆறு மணி நேரம் ஆகியிருக்கும், மெசேஜ் இன்னும் ஊரைச் சுத்தும். குழு காலி வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டும். அனுப்புறதுக்கு முன்னாடி அந்த நம்பருக்கு நீங்களே ஒரு தடவை போன் பண்ணுங்க. நேரம், எத்தனாவது மாடி, எத்தனை பேர், நடக்க முடியாதவங்க இருக்காங்களா, பக்கத்துல கோயிலா ரேஷன் கடையா, எல்லாம் எழுதுங்க. மீட்டாச்சுன்னா “மீட்டாச்சு”ன்னு அதே குரூப்ல போடுங்க.

வழி காட்ட யாரைக் கூப்பிடுறது? என்னைக் கேட்டா, தண்ணி கேன் போடுற தம்பியைத்தான் சொல்வேன். எந்த வீட்டுல பாட்டி தனியா இருக்காங்க, எந்த மாடிப்படி குறுகல், எல்லாம் அவருக்குத் தெரியும். கூகுள் மேப்புக்குத் தெரியாது.

நீந்தத் தெரியும்ங்கிற தைரியத்துல மட்டும் நீங்களா இறங்காதீங்க. பழகணும்னா ஆப்த மித்ரான்னு தன்னார்வலர்களுக்கு அரசாங்கப் பயிற்சி இருக்கு. மாவட்ட நிர்வாகத்துல விசாரிங்க.

[காட்சி: மே மாத வெயில். ஷெட்டுல படகு.]

பணம் கொடுக்கிறதா இருந்தா மே மாசம் கொடுங்க. டிசம்பர்ல எல்லாரும் கொடுப்பாங்க. மே மாசம் ஷெட் வாடகையும் மோட்டார் சர்வீஸும் பஞ்சர் பேட்ச்சும் கேட்டா யார் காதுலயும் விழாது. தனி ஆள் கணக்குல போடாம குழுவோட கணக்குல போட்டு, ரசீது வாங்கிக்கங்க. நீங்க முதலாளியா இருந்தா, இன்னொரு வழி இருக்கு. மீட்புக்குப் போன பையனோட சம்பளத்தைப் பிடிக்காதீங்க.

வெள்ளம் வடிஞ்சப்புறம் லைஃப் ஜாக்கெட்டும் கயிறும் சேறோட மூட்டையா கிடக்கும். அப்படியே கட்டி வச்சா பூஞ்சை பிடிச்சு, அடுத்த வருஷம் நம்பி மாட்ட முடியாது. நல்ல தண்ணியில அலசி, நிழல்ல காய வைக்கணும். காத்தோட்டமா, நிழலா ஒரு மாடி இருந்தா குழுவுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க. பொங்கலுக்குள்ள காஞ்சிடும்.