பிங்க் ஃப்ளாய்டில் எது உசத்தி? அறை நண்பர்கள் சண்டைக்கு என் தீர்ப்பு

சரி, அடுத்த கேள்வி. இது கொஞ்சம் வம்பில் மாட்டிவிடுகிற கேள்வி. ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணா, நானும் என் அறை நண்பனும் பிங்க் ஃப்ளாய்ட் பைத்தியங்கள். அவர்களுடைய ஆல்பங்களில் சிறந்தது 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' என்கிறேன் நான். 'தி வால்'தான் என்கிறான் அவன். ஆறு மாதமாக இதே சண்டை. நீங்கள் ஒரு தீர்ப்பு சொல்லுங்கள்." அதற்குக் கீழே இன்னொரு வரி: "அவன் பக்கம் மட்டும் பேசிவிடாதீர்கள்."

தம்பி, அவர் பக்கம் பேசப் போவதில்லை. ஆனால் உங்கள் பக்கமும் பேசப் போவதில்லை. என் ஓட்டு 1975 செப்டம்பரில் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்துக்கு. இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டலாம், அந்த வகையிலாவது சமாதானம் ஆகட்டும்.

இந்தக் குழுவைத் தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். பிங்க் ஃப்ளாய்ட் 1965இல் லண்டனில் உருவான ராக் குழு. ஆரம்பத்தில் பாட்டெழுதி, பாடி, கிடார் வாசித்து முன்னால் நின்றவர் சிட் பாரெட். 1967இல் முதல் ஆல்பம் வந்தது. அதற்குள் அவருடைய மனநிலை குலையத் தொடங்கிவிட்டது. மேடையில் கிடாரைப் பிடித்தபடி சும்மா நிற்பார். 1968இல் குழுவை விட்டுப் போனார். அந்த இடத்துக்கு வந்தவர் டேவிட் கில்மோர். அப்புறம் பேஸ் கிடார் ரோஜர் வாட்டர்ஸ், கீபோர்டு ரிச்சர்ட் ரைட், டிரம்ஸ் நிக் மேசன். இந்த நால்வரும் 1973 முதல் 1979 வரை போட்ட நான்கு ஆல்பங்களை வைத்துத்தான் ஊர் உலகமெல்லாம் சண்டை போடுகிறது: டார்க் சைட், விஷ் யூ வேர் ஹியர், அனிமல்ஸ், வால். அதற்கு முன் வந்த 'மெடில்' ஆல்பத்தின் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம், உங்களைத் தனியாகக் கவனிக்கிறேன்.

விற்பனைக் கணக்கை வைத்து இதை முடிக்க முடியாது. டார்க் சைட் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். ஆனால் 1988 வரைக்கும் கணக்குப் போட்டால் அந்தப் பட்டியலில் 700 வாரங்களுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. வால் அதே பட்டியலில் 15 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆக, உச்சியில் இருந்த காலம்தான் கணக்கு என்று உங்கள் நண்பர் சொன்னால் அவர் ஜெயிப்பார். மொத்தம் எத்தனை வாரம் என்று நீங்கள் கேட்டால் நீங்கள் ஜெயிப்பீர்கள். அவரவர் வசதிக்கு ஒரு தராசு.

டார்க் சைடைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆல்பம் வந்தது 1973 மார்ச்சில்தான், ஆனால் 1972 ஜனவரியிலிருந்தே அதை மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஊர் ஊராகப் போட்டுத் தேய்த்த சரக்கு, அதனால்தான் ஒரு பிசிறு கிடையாது. 'மனி' பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். காசு விழுகிற சத்தம், காகிதம் கிழிகிற சத்தம், கல்லாப்பெட்டி சத்தம். ஒவ்வொன்றையும் நாடாவில் பதிந்து, அளவுகோல் வைத்து அளந்து, வெட்டி ஒட்டி, வட்டமாகச் சுற்றவிட்டிருக்கிறார்கள். கணினி கிடையாது, பிளேடும் ஒட்டு டேப்பும்தான். அந்தச் சத்தங்கள் ஏழு, பாட்டும் ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. தொடையில் தட்டிப் பாருங்கள். மிஸ்ர சாபு தாளம் போட்டுப் பழகிய கைக்கு இது புதிதாக இருக்காது. சாக்ஸபோன் முடிந்து கிடார் நுழைகிற இடத்தில் ஏழு நாலாக மாறும். அந்தத் திருப்பத்தில் தலையை ஆட்டாமல் இருந்தவர்களை நான் பார்த்ததில்லை.

வார்த்தையே இல்லாமல் ஒரு பெண் குரல் கதறுகிறதே, 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை', அதைப் பாடியவர் கிளேர் டோரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாடிவிட்டுப் போனார். சம்பளம் 30 பவுண்டு. முப்பது வருடம் கழித்து, இசையமைப்பில் எனக்கும் பங்கு உண்டு என்று வழக்குப் போட்டார். 2005இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாகி, இப்போது பாட்டின் உரிமையில் ரைட் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது. அந்தப் பாட்டைக் கேட்ட எவரும் இதில் அநியாயம் எதுவும் இருப்பதாகச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் ஏன் அது என் முதலிடம் இல்லை? நேரம், பணம், சாவு, பைத்தியம் என்று தலைக்கு ஒரு பாட்டாகப் பாகம் பிரித்து வைத்ததுபோல இருக்கிறது. ஒவ்வொன்றும் பிரமாதம். ஆனால் எனக்கு அது நன்றாகத் துடைத்து வைத்த கண்ணாடி அலமாரி. வெளியே நின்று பார்க்கத் தோன்றுகிறது, உள்ளே போய் உட்காரத் தோன்றவில்லை. இது என் கோளாறாகவும் இருக்கலாம்.

வாலை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1979 நவம்பரில் வந்த இரட்டை ஆல்பம். 'கம்ஃபர்ட்டப்ளி நம்ப்' கிடாருக்கு மாற்று கிடையாது, அதில் உங்கள் நண்பருக்குக் கைகொடுக்கிறேன். லண்டன் இஸ்லிங்டன் பகுதிப் பள்ளிப் பிள்ளைகள் பாடிய 'அனதர் பிரிக் இன் தி வால்' என்கிற அந்தச் செங்கல் பாட்டை 1980இல் தென்னாப்பிரிக்க அரசு தடை செய்தது. பள்ளி புறக்கணிப்புப் போராட்டத்தில் இறங்கிய மாணவர்கள் அதைப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு ராக் பாட்டுக்கு இதைவிடப் பெரிய விருது என்ன இருக்கிறது? ஆனால் 26 துண்டுகளில் பாதிக்கு மேல் கதையை நகர்த்துவதற்காகவே இருப்பவை. தனியாக எடுத்துப் போட்டால் நொண்டும். அதைவிட முக்கியம், அந்த ஆல்பம் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே ரிச்சர்ட் ரைட்டைக் குழுவை விட்டு வெளியேற்றினார்கள். அடுத்து நடந்த மேடை நிகழ்ச்சிகளில் அவர் சம்பளத்துக்கு வாசித்தார். அந்த நிகழ்ச்சிகள் பெரும் நஷ்டம், எனவே அதில் காசு பார்த்த ஒரே ஆள் சம்பளக்காரரான ரைட்தான் என்று ஒரு வேடிக்கை உண்டு. எப்படியிருந்தாலும், வாலில் கேட்பது பெரும்பாலும் வாட்டர்ஸின் மண்டைக்குள் ஓடுவது. நால்வர் வாசிக்கிற சத்தம் அதில் குறைவு.

இப்போது என் ஆளுக்கு வருகிறேன்.

1974இல் மேடையில் மூன்று புதிய நீளப் பாட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று சிட் பாரெட்டை நினைத்து எழுதிய 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்'. மற்ற இரண்டும் ஆத்திரமான பாட்டுகள். கில்மோரின் யோசனை, மூன்றையும் அப்படியே பதிந்துவிடலாம் என்பது. வாட்டர்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. ஷைன் ஆனை இரண்டாக வெட்டி ஆல்பத்தின் தலையிலும் வாலிலும் வைப்போம், நடுவில் புதுப் பாட்டுகளை எழுதுவோம், மற்ற இரண்டையும் தூக்கிப் போடுவோம் என்றார். ஓட்டெடுப்பு நடந்தது, கில்மோர் தோற்றார். நான் கில்மோர் கட்சி. அவர் கிடாருக்காக எதையும் விட்டுக்கொடுப்பேன். ஆனால் அன்றைக்கு அவர் தோற்றது நல்லதாகப் போயிற்று. அவர் சொன்னபடி நடந்திருந்தால் மூன்று நல்ல பாட்டுகள் கிடைத்திருக்கும், இந்த ஆல்பம் கிடைத்திருக்காது.

முதல் பாட்டைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ரைட்டின் சிந்தசைசர் மார்கழி விடியல் பனி மாதிரி மெல்லப் பரவுகிறது. அதற்கு அடியில் மெலிதாக ஒரு ரீங்காரம் கேட்கும், மதுக் கிண்ணங்களின் விளிம்பில் விரலால் தேய்த்து எடுத்த சத்தம் அது. நாலாவது நிமிடத்தை நெருங்கும்போது கில்மோரின் கிடாரில் நான்கே நான்கு ஸ்வரம். நிறுத்துகிறார். திரும்ப அதே நான்கு. மூன்றாவது ஸ்வரம் வரை தெரிந்த வழியில் போய், நான்காவது எதிர்பாராத இடத்தில் கால் வைக்கும். மாடிப்படியில் இருட்டில் ஒரு படி குறைவதுபோல. இப்படியே போய், முதல் வார்த்தை பாடப்படும்போது எட்டரை நிமிடம் கடந்திருக்கும். எழுதித் தள்ளுகிறவர் என்று பெயரெடுத்த வாட்டர்ஸ் அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் மற்ற இருவரையும் பேசவிட்டிருக்கிறார். அவர் இப்படி விட்டுக்கொடுத்தது இதற்குப் பிறகு எந்த ஆல்பத்திலும் இல்லை. இது என் ஓட்டுக்கான முதல் காரணம், ஏறக்குறைய ஒரே காரணமும்கூட.

1975 ஜூன் மாதம், ஆபி ரோடு ஸ்டுடியோவில் இந்த ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருக்கிறது. தலையும் புருவமும் மழித்த, பருத்த மனிதர் ஒருவர் உள்ளே வந்து நிற்கிறார். யாரோ ஸ்டுடியோ ஆள் என்று விட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிட் பாரெட் என்று தெரிந்தது. யாரை நினைத்துப் பாட்டெழுதினார்களோ அவரே எதிரில் நிற்க, அடையாளம் தெரியவில்லை. வாட்டர்ஸ் அழுதுவிட்டார். இதைக் கதையாக எழுதினால், ரொம்ப ஜோடனை என்று நானே சொல்லியிருப்பேன்.

என் சொந்தக் கதை ஒன்று. கல்லூரி நாட்களில் இசைத்தட்டு வாங்க வசதி கிடையாது. காலி கேசட் கொடுத்தால் பதிந்து தருகிற கடைகள் இருந்தன. 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். டார்க் சைட் 43 நிமிடம், விஷ் யூ வேர் ஹியர் 44 நிமிடம். அளவெடுத்துத் தைத்தமாதிரி ஆளுக்கு ஒரு பக்கம். அந்த ஒரு கேசட்டை எத்தனை வருடம் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. பிறகு சிடி வந்து, அதே ஆல்பத்தை வாங்கிப் போட்டேன். மூன்றாவது பாட்டு முடிந்ததும் ரேடியோவில் நிலையம் மாற்றுகிற கரகரப்பு. பேச்சு, ஏதோ ஒரு சிம்பொனி துணுக்கு, அப்புறம் தூரத்தில் தகரக் குரலில் ஒரு கிடார். அதற்குப் பக்கத்தில், அதே அறையில் உட்கார்ந்து இன்னொருவர் சேர்ந்து வாசிப்பதுபோல இன்னொரு கிடார். சிடி கெட்டுவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். விஷயம் என்னவென்றால், கேசட் பதிந்து கொடுத்த அண்ணன், ரேடியோ கரகரப்பைப் பதிவுக் கோளாறு என்று நினைத்து, அந்த முன்பகுதியை நல்லெண்ணத்தோடு வெட்டி எறிந்திருக்கிறார்.

அதில் என்ன போய்விட்டது என்று கேட்பீர்கள். அந்த முதல் கிடாரை கில்மோரின் கார் ரேடியோவிலிருந்து வருவதுபோலப் பதிந்திருந்தார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து, ரேடியோவில் வருகிற பாட்டோடு சேர்ந்து கிடார் வாசிக்கிற ஒரு பையன். எதிரில் ஆள் இல்லை, துணைக்கு ரேடியோ. 'நீ இங்கே இருந்திருக்கலாம்' என்று சொல்கிற அந்தத் தலைப்புப் பாட்டு அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நான் அத்தனை வருடமும் வாசல் இல்லாத வீட்டுக்குள் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதே பாட்டுக்கு ஜாஸ் வயலின் மேதை ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் வாசித்தார். கடைசியில் அதை எடுத்துவிட்டார்கள். 2011இல் வந்த சிறப்புப் பதிப்பில்தான் முழுதாகக் கேட்க முடிந்தது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எடுத்தது சரி. தனியாக இருக்கிறவன் பாட்டில் வயலின் துணை எதற்கு?

குறை இல்லையா? இருக்கிறது. 'ஹேவ் எ சிகார்' நடுவில் வருகிற இசைக் கம்பெனி நக்கல். பாடியவரும் குழுவில் இல்லாத ராய் ஹார்ப்பர். வாட்டர்ஸுக்குக் குரல் ஒத்துழைக்கவில்லை, கில்மோருக்குப் பாட விருப்பமில்லை, அதே ஆபி ரோட்டில் வேறு பதிவுக்கு வந்திருந்த ஹார்ப்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வாட்டர்ஸ் அதற்காகப் பின்னால் வருத்தப்பட்டார். எனக்கு ஹார்ப்பரின் இளிப்பு பிடிக்கும், பாட்டுதான் மற்றவற்றைவிட ஒரு படி கீழே.

ஓட்டெடுப்பில் தூக்கிப் போட்ட அந்த இரண்டு பாட்டுகள் என்னவாயின என்று கேட்பீர்களே. பெயர் மாறி, வரிகள் மாறி, 'டாக்ஸ்', 'ஷீப்' என்று 1977இல் 'அனிமல்ஸ்' ஆல்பத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. அட்டைப் படத்துக்காக லண்டன் பாட்டர்ஸி மின்நிலையத்தின் மேல் பறக்கவிட்ட ராட்சதப் பன்றி பலூன் கயிறு அறுந்து, ஹீத்ரோ விமானப் பாதைக்குள் போய், கடைசியில் கென்ட் பகுதியில் ஒரு பண்ணையில் இறங்கியதே, அதே ஆல்பம்தான். கோபமாக இருக்கிற நாளில் கேட்டால் அது என் இரண்டாமிடம். அப்போது டார்க் சைட் மூன்றாமிடத்துக்கு இறங்கிவிடும். தம்பி, மன்னியுங்கள். நண்பரிடம் சொல்லுங்கள், வால் எல்லா நாளும் நான்காமிடம்தான்.

ஒரு வேலை கொடுக்கிறேன், இரண்டு பேரும் சேர்ந்து செய்யுங்கள். இன்று இரவு ஹெட்போன் போட்டு ஷைன் ஆனின் பிற்பாதியைக் கேளுங்கள். பாட்டு மங்கி முடியப்போகிற கடைசி அரை நிமிடத்தில் சத்தத்தைக் கூட்டிவையுங்கள். ரைட் சிந்தசைசரில் வேறொரு மெட்டைச் சின்னதாகத் தொட்டுவிட்டுப் போவார். அது 'சீ எமிலி பிளே'. 1967இல் சிட் பாரெட் எழுதிப் பாடியது.