கார்ன்வாலைக் கொன்றவனுக்குப் பெயர் இல்லை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தின் போக்கை மாற்றுவது குளோஸ்டர் பிரபுவின் மகன் எட்மண்டின் சூழ்ச்சியா, லியரின் மருமகன் கார்ன்வாலை வெட்டிய பெயரில்லாத வேலைக்காரனின் வாளா? நான் வேலைக்காரன் கட்சி.

எட்மண்ட் சூழ்ச்சிக்குப் பயன்படுத்திய கடிதங்களை அடுக்கிவிட்டு எதிரணி நண்பர் கடைசியில் ஒரு போடு போட்டார்: “அந்த வேலைக்காரனால் குளோஸ்டரின் ஒரு கண்ணையாவது காப்பாற்ற முடிந்ததா?” லியருக்கு உதவினார் என்று கார்ன்வால் குளோஸ்டரின் கண்களைப் பிடுங்குகிற காட்சி அது. முடியவில்லைதான். சொல்லப்போனால், சாகிற நேரத்தில் குளோஸ்டரிடம் “பிரபுவே, இவனுக்கு வரும் கேட்டைப் பார்க்க இன்னும் ஒரு கண் மிச்சமிருக்கிறது” என்று அவன் வாய்விட்டதும், கார்ன்வால் அந்தக் கண்ணையும் பிடுங்கிவிடுகிறான். ஆனால் கண்ணைக் காப்பாற்றியது யார் என்பதா இன்றைய தலைப்பு?

மூன்றாம் அங்கம், ஏழாம் காட்சி. “நாற்காலியைப் பிடியுங்கள்” என்று கார்ன்வால் ஆட்களுக்கு உத்தரவிடுகிறான். இவனும் அந்த ஆட்களில் ஒருவன். மேடையேற்றுகிறவர்கள் இவனைக் கதவோரம் நிறுத்தி, நேரம் வந்ததும் பாயவிட்டால் காட்சி கெட்டது. அவன் கை நாற்காலியில் இருக்க வேண்டும். முதல் கண் போகிறவரை பிடித்திருந்த கை விலகும்போதுதான் சபைக்குத் தூக்கிவாரிப் போடும். சின்ன வயதிலிருந்து உம்மிடம் ஊழியம் செய்கிறேன், இப்போது உம்மை நிறுத்தச் சொல்வதைவிட நல்ல ஊழியம் செய்ததில்லை என்கிறான். எசமானைத் தடுப்பதே அவனுக்குச் செஞ்சோற்றுக் கடன்!

மொத்தம் பத்து வரிகூடத் தேறாத வேடம். ஒரு குடியானவன் எதிர்த்து நிற்பதா என்று கார்ன்வாலின் மனைவி ரீகன் வாளை வாங்கிப் பாய்கிறாள், அதுவும் முதுகுப் பக்கம். இந்த நாடகம் தனியாக அச்சான 1608 குவார்ட்டோ பதிப்பின் மேடைக்குறிப்பிலேயே அது இருக்கிறது. அதே பதிப்பில் மற்ற இரண்டு வேலைக்காரர்கள், குளோஸ்டரின் ரத்தம் வழியும் முகத்துக்கு ஆளி நாரும் முட்டை வெள்ளைக்கருவும் வைக்கப் பேசிக்கொள்கிறார்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் தொகுப்பான 1623 ஃபோலியோவில் அந்தப் பேச்சு இல்லை. அதை வெட்டினால் இவன் ஒற்றை ஆளாகிவிடுகிறான். வைத்தால் இவன் துணிச்சல் மற்றவர்களையும் தொற்றியது தெரிகிறது. நான் வைக்கத்தான் சொல்வேன்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். வேலைக்காரன் கொடுத்த காயத்தில் கார்ன்வால் சாகிறான். ரீகன் விதவை. அவள் அக்காள் கானரில் அதற்கு முன்பே எட்மண்டிடம் மயங்கியவள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாவுச் செய்தி வந்ததும் அவளுக்கு வருகிற முதல் கவலை என்ன? தங்கை விதவையாகிவிட்டாள், எட்மண்டோ அவள் பக்கத்தில் இருக்கிறான்! அந்தப் போட்டியில்தான் தங்கைக்கு விஷம் வைக்கிறாள், பிறகு தன்னையே குத்திக்கொள்கிறாள்.

இன்னொன்றும் உண்டு, இது என் கட்சிக்குச் சங்கடமானது. கார்ன்வால் இல்லாததால் ரீகனின் படையை நடத்துகிறவன் எட்மண்ட். போரில் லியரும் அவர் கடைசி மகள் கொர்டீலியாவும் அவன் கையில் சிக்குகிறார்கள். அவன் அனுப்பிய ஆணையில் கொர்டீலியா தூக்கிலிடப்படுகிறாள். நல்லவன் போட்ட வெட்டு இங்கே கொண்டுவந்து விடுகிறது. அவன் நன்மை செய்து முடித்தான் என்றா நான் வாதாடுகிறேன்? போக்கை மாற்றினான் என்கிறேன்.

எதிரணிக்கு ஒரே கேள்வி: கார்ன்வால் பிழைத்திருந்தால், எட்மண்டுக்கு அந்தப் படை எந்த வழியில் வந்திருக்கும்? எந்தக் கடிதத்தைக் காட்டுவீர்கள்? நன்றி, வணக்கம்.