கருவேலத்துக்கு அடியில் புல் இருக்கிறதா?

எல்லோருக்கும் வணக்கம். இன்றைய பேச்சு சவன்னாவைப் பற்றி, அதாவது அங்கங்கே மரம் நிற்கிற புல்வெளியைப் பற்றி. சவன்னா என்றதும் சிங்கம், ஒட்டகச்சிவிங்கி என்று ஆப்பிரிக்காவுக்குப் போய்விடாதீர்கள். மேலூரைத் தாண்டினால் பாறையும் புல்லுமாக, நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேலும் உசிலையும் நிற்கிற மேட்டுநிலம் வருகிறதே, அதுவும் அந்தச் சாதிதான். நாம் அதைத் தரிசு என்கிறோம். வெள்ளைக்காரன் காலத்தில் வரி வராத நிலத்துக்கு வைத்த பேர், இன்னும் போகவில்லை.

ஒரு நிலம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க, வந்தேறிச் செடி எத்தனை இருக்கிறது என்று எண்ணுவது சுலபமான வழி. எண்ணலாம், ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாதிதான் தெரியும். சீமைக் கருவேலம் அடர்ந்த இடத்தில் குனிந்து பாருங்கள்: பொடி இலைச் சருகு, வெறும் மண், காய்ந்த சாணம். அந்தச் சாணத்தைக் குச்சியால் கிளறினால் கெட்டி ஓட்டோடு விதை செரிக்காமல் கிடக்கும், மாடு நெற்றைத் தின்று அடுத்த ஊருக்கும் விதைத்துக்கொண்டு போகிறது. புல்லுக்கு நேர் வெயில் வேண்டும், நிழல் மூடினால் போச்சு. மேலே இருந்து படம் எடுத்தால் பச்சை கூடியிருப்பதாகத் தெரியும். காட்டுக்கு அது நல்ல சேதி, புல்வெளிக்குச் சாவுச் சேதி.

சரி, சீமைக் கருவேலம் மெக்சிகோ பக்கத்து மரம், அதனால்தான் கெட்டது என்பீர்கள். நம்ம ஊர் நாட்டுக் கருவேலம் என்ன செய்திருக்கிறது தெரியுமா? 1890-களில் நிழலுக்கும் தீவனத்துக்கும் என்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கு அங்கே புல்வெளியை விழுங்குகிற முக்கியமான களை அதுதான், பரப்புவது அங்கேயும் மாடுதான். கிழக்கு ஜாவாவின் பலுரான் தேசியப் பூங்காவில் தீத்தடுப்புக்கு என்று 1960-களின் கடைசியில் இதையே நட்டார்கள், காட்டு மாடு மேய்ந்த புல்வெளியை மூடிவிட்டது. நாம் ஆசையாக வளர்க்கிற கொழுக்கட்டைப் புல்கூட அரிசோனாவில் தீயைப் பரப்புகிற வில்லன். ஆக, பிறந்த ஊரை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது, வந்த இடத்தில் எதைத் துரத்தியது என்றுதான் பார்க்கணும்.

மரம் வந்து புல்லைக் கொல்வது ஒரு வகை. வட ஆஸ்திரேலியாவில் தலைகீழ்: 1930-களில் தீவனத்துக்காக ஆப்பிரிக்காவிலிருந்து வந்த காம்பா புல் நாலு மீட்டர் வரை வளரும், அது எரிந்தால் உள்ளூர்ப் புல் எரிவதைப்போல எட்டு மடங்கு வரை உக்கிரம், மரங்கள் கருகிப்போகின்றன. மரத்தை எண்ணுகிறவருக்கு அங்கே குறைவது தெரியும், ஏன் குறைகிறது என்று கேட்டால்தான் புல் தெரியும்.

2017-ல் சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டபோது ஊரெல்லாம் ஜேசிபி ஓடியது. தூரோடு எடுத்த இடம் தப்பித்தது, அடியை விட்டு வெட்டிய இடத்தில் ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்தது. அப்புறம் அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களைக் கேட்காமல் பேசுவதும் சரியில்லை, அதைத் தனிக் கூட்டமாகவே போடணும்.

வெட்டிய மேட்டில் மரக்கன்று நடலாமா என்று ஒரு துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. நெருக்கி நடாதீர்கள். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், செய்வதுபோல இடைவெளி விட்டு வெள்வேலை நிற்கவிட்டு, நடுவில் கொழுக்கட்டைப் புல் வரட்டும். முதல் மழைக்கு முளைக்கிற சீமைக் கருவேலக் கன்றைப் பிடுங்க ஆள் மட்டும் வையுங்கள், கையாலேயே வந்துவிடும்.