பெட்ரோமாக்ஸ் மேன்டிலும் மணவாளக்குறிச்சி மணலும்

வணக்கம். திருவிழாவில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து வந்தவர்களைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? சரி, கை தூக்கியவர்களின் வயது தெரிந்துவிட்டது.

விளக்கின் நடுவில் கட்டும் நூல் வலைதான் மேன்டில். புது மேன்டிலைக் கட்டிக் கொளுத்தினால் நூல் எரிந்துபோய் வெள்ளைச் சாம்பல் கூடு மட்டும் தொங்கும். விரல் பட்டால் பொலபொலவென்று உதிரும். வெளிச்சம் தந்தது அந்தச் சாம்பல்தான். அதில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. ஆஸ்திரியாவின் வெல்ஸ்பாக் 1891-இல் கண்ட பக்குவம் அது. சீரியம் குறைந்தாலும் மங்கல், கூடினாலும் மங்கல். ரசத்துக்கு உப்பு மாதிரி.

தனிம அட்டவணையின் அடியில் தனியாக இரண்டு வரிசைகள் இருக்கும்: மேல் வரிசை லாந்தனாய்டுகள், கீழ் வரிசை ஆக்டினாய்டுகள். தோரியம் ஆக்டினாய்டு, சீரியம் லாந்தனாய்டு. இரண்டும் ஒரே மணலில் கிடைக்கின்றன. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற பாஸ்பேட் கனிமத்தைக் கண்டார். அப்புறம் கன்னியாகுமரிப் பக்கத்து மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது.

ஒரே மணல் துணுக்கில் இத்தனை உலோகங்கள் எப்படி ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன? லாந்தனாய்டுகள் பெரும்பாலும் மூன்று எலக்ட்ரான்களை இழந்து +3 அயனிகளாகின்றன. அயனியின் ஆரம் முதல் தனிமமான லாந்தனத்துக்கு 103 பிகோமீட்டர் (மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் பிகோமீட்டர்), கடைசி லுட்டீசியத்துக்கு 86. பதினான்கு படிகளில் 17 பிகோமீட்டர்தான் சுருக்கம். வரிசையில் போகப் போகச் சேரும் எலக்ட்ரான்கள் 4எஃப் என்ற உள் கூட்டில் பதுங்கியிருப்பதால் அவை கூடுவதும் குறைவதும் பிணைப்புக்குத் தெரிவதே இல்லை. பாஸ்பேட் படிகத்தில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்கார்ந்துகொள்கிறது. அளவு ஒத்துவருவதால் +4 தோரியமும் நுழைந்துவிட்டது.

மாங்கனீசு இப்படி அடங்கி இருக்காது. பள்ளி ஆய்வகத்தில் சூடான ஆக்சாலிக் அமிலத்தில் பர்மாங்கனேட்டைச் சொட்டியிருப்பீர்கள். முதல் சொட்டின் ஊதா தயங்கித் தயங்கி மறையும், அடுத்தவை சட்டென்று மறையும். பர்மாங்கனேட்டில் உள்ள மாங்கனீசு +7-இலிருந்து +2-க்கு ஒரே இறக்கம்! மாங்கனீசு போன்ற இடைநிலைத் தனிமங்களில் டி கூட்டு எலக்ட்ரான்கள் எட்டும் இடத்தில் இருப்பதன் விளைவு.

ஒன்றுபோலவே நடந்துகொள்ளும் லாந்தனாய்டுகளைப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சீரியம் மட்டும் தன் ஒற்றை 4எஃப் எலக்ட்ரானையும் விட்டு +4 ஆகும். மற்றவற்றுக்கு முன்பே வீழ்படிவாகித் தனியே வந்துவிடும்.

ஆக்டினாய்டுகளின் 5எஃப் எலக்ட்ரான்கள் அவ்வளவு ஒளிவதில்லை. யுரேனியம் +3 முதல் +6 வரை போகும். தோரியமோ +4-ஐ விட்டு அசையாது. அந்தப் பிடிவாதம் ஆலைக்கு வசதி. மோனசைட்டைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அளந்து விட்டால் லாந்தனாய்டுகள் கரைந்தோடும். தோரியம் ஹைட்ராக்சைடு சேறாகத் தங்கும்.

இப்போது பல மேன்டில்களில் தோரியத்துக்குப் பதில் இட்ரியம் வந்துவிட்டது. உங்கள் பரணில் பழைய பாக்கெட் கிடந்தால், கதிரியக்கத்தைக் காட்டும் கைகர் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், படபடவென்று அடிக்கும். தோரியம் கதிரியக்கம் உள்ளது.