தண்ணீர் இல்லாத கோடையில் காரைக் கீறல் விழாமல் துடைப்பது எப்படி?

வணக்கம். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். கருப்பு நிறக் கார், வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. கோடையில் போர் தண்ணீர் இறங்கிவிட்டது, வீட்டுச் செலவுக்கே அளந்துதான் பிடிக்கிறார்கள். "ஸ்பிரே அடித்துத் துடைத்தால் போதும், தண்ணீரே வேண்டாம் என்கிறார்கள். பெயின்டில் கோடு விழாதா? தினமும் துடைக்கலாமா? கவர் போட்டு மூடி வைக்கலாமா?" இதுதான் கேள்வி.

வண்டி மேல் என்ன தூசி, எவ்வளவு தூசி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கோடு விழுவதும் விழாததும். தண்ணீர் குறைவதால் கீறல் வருவதில்லை. தூசியைப் பெயின்ட் மேல் அழுத்தி இழுப்பதால் வருகிறது. பெயின்டுக்கு மேலே க்ளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு படலம் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறக்கூடியது. அதைத் துணிக்கு அடியில் வைத்துத் தேய்த்தால் இந்தப் படலம் என்ன ஆகும்? வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரியுமே, அதுதான். கருப்பு வண்டியில் பளிச்சென்று தெரியும், வெள்ளை வண்டியில் தெரியாது, ஆனால் இருக்கும்.

நம் டெல்டாவில் தூசி பருவத்துக்குப் பருவம் மாறும், இதைக் கவனிக்க வேண்டும். தை, மாசியில் சம்பா அறுவடை. மெஷின் ஓடும்போது பறக்கும் நெல் சுணை, ரோட்டில் காயப்போட்ட நெல்லிலிருந்து கிளம்பும் தூசி, ரைஸ் மில் பக்கம் நிறுத்தினால் உமித்தூள், எல்லாம் வண்டி மேல் படியும். மெத்தென்று இருப்பதால் ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறோம். உமியில் சிலிக்கா நிறைய இருக்கிறது, அது நன்றாகக் கீறும். கோடையில் கொள்ளிடக்கரை ரோட்டில் போய்வந்தால் படிவது நேரடியாக மணல். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பு ரோட்டுச் சேறு. இந்தச் சேற்றையும் கெட்டியாகப் படிந்த மணலையும் எந்த ஸ்பிரேயாலும் துடைக்கக் கூடாது. அதற்குத் தண்ணீர் அடித்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

அப்புறம், பனிக்காலத்தில் ஒரு பழக்கம் உண்டு. காலையில் வண்டி மேல் பனி இறங்கி நனைந்திருக்கும். ஈரம்தானே இருக்கிறது என்று பழைய வேட்டித் துணியை எடுத்து அப்படியே ஒரு இழு. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஈரத்தில் வழுக்கல் கிடையாது, தூசியைக் குழம்பாக்கித் தேய்ப்பதாகத்தான் முடியும். உலர்ந்த துணியாலோ, இறகு டஸ்டராலோ தினமும் தட்டித் துடைப்பதும் இதே கதைதான். நான் பார்க்கும் கீறல்களில் பெரும்பகுதி இப்படி அன்றாடம் அக்கறையோடு துடைத்ததில் வந்தவை. அதனால் தினமும் வேண்டாம், வாரம் ஒரு முறை முறையாகச் செய்யுங்கள்.

வாட்டர்லெஸ் ஸ்பிரே என்பது லேசான தூசிக்கு மட்டும். ஷெட்டில் நின்ற வண்டி, ரெண்டு நாள் தூசி, அவ்வளவுதான். உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது ரின்ஸ்லெஸ் வாஷ், அதாவது அதற்கென்று விற்கும் லிக்விடைத் தண்ணீரில் கலந்து, அதில் நனைத்த துணியால் துடைப்பது. அரை வாளித் தண்ணீர் போதும், கடைசியில் தண்ணீர் ஊற்றி அலச வேண்டியதில்லை. அந்த லிக்விடில் இருக்கும் பாலிமர் என்ற வழுவழுப்பான பொருள் தூசியைச் சுற்றிக்கொண்டு துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் வழுக்கலைக் கொடுக்கும். சில பிராண்டுகளில் 7, 8 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி லிக்விட். உங்கள் பாட்டிலில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதைப் பாருங்கள், கூடுதலாக ஊற்றினால் திட்டுத்திட்டாகப் படியும். துணி சோப்புத்தூள், பாத்திரம் கழுவும் லிக்விட் வேண்டாம். அலசாமல் விட்டால் அப்படியே காய்ந்து படியும், போட்டிருக்கும் வாக்ஸையும் எடுத்துவிடும்.

செய்முறைக்கு வருகிறேன். வண்டி நிழலில் இருக்க வேண்டும், பானெட் ஆறியிருக்க வேண்டும். அதே கலவையில் கொஞ்சத்தை ஒரு கைத்தெளிப்பானில் எடுத்து முதலில் அந்தப் பகுதி முழுக்க அடித்து ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். உரக்கடையில் கிடைக்கிற 2 லிட்டர் தெளிப்பான் இதற்கு நன்றாக இருக்கும். ஆனால் புதிதாக வாங்குங்கள். வயலுக்குக் களைக்கொல்லி அடித்ததைக் கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், அந்த மருந்து உங்கள் கையிலும் மூச்சிலும் படும்.

வாளியில் எட்டுப் பத்து மைக்ரோஃபைபர் துணிகளை ஊறப்போடுங்கள். ஒன்றை எடுத்து லேசாகப் பிழிந்து, நாலாக மடித்து, ஒரே திசையில் நேர்கோட்டில் இழுங்கள். அழுத்தம் கொடுக்காதீர்கள், துணியின் எடையே போதும். ஒரு இழுப்புக்குப் பிறகு மடிப்பை மாற்றிச் சுத்தமான பக்கத்துக்குப் போய்விடுங்கள். எல்லாப் பக்கமும் அழுக்கானதும் அந்தத் துணியை ஓரமாகப் போடுங்கள், திரும்ப வாளிக்குள் போடக் கூடாது. இந்த முறையின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஒரே துணியைத் திரும்பத் திரும்ப முக்கினால் வாளி முழுக்க மணலாகிவிடும், அப்புறம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லிக்விடும் காப்பாற்றாது. கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள், கதவின் அடிப்பாகமும் பம்பரும் கடைசியில். டயருக்கும் வீலுக்கும் தனித் துணி. ஒரு பகுதி முடிந்ததும் உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் அப்படியே காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும்.

பறவை எச்சத்தைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியை மேலே போட்டுச் சில நிமிடம் விட்டால் இளகி வந்துவிடும். துணிகளைத் துவைக்கும்போது வீட்டுத் துணியோடு சேர்க்காதீர்கள், கம்ஃபர்ட் மாதிரி எதுவும் போடாதீர்கள், இழைகள் தூசியைப் பிடிக்கும் தன்மையை இழந்துவிடும். கீழே மண்ணில் விழுந்த துணி வீல் துடைக்கப் போகட்டும்.

கவரைப் பொறுத்தவரை, துடைத்துச் சுத்தமாக இருக்கும்போது போட்டால் சரி. தூசி படிந்த வண்டி மேல் போட்டால், காற்றில் கவர் அசைய அசைய அதே தூசி பெயின்டைத் தேய்க்கும். ஆடிக்காற்று வீசும் நாட்களில் திறந்தவெளியில் நிறுத்துகிறீர்கள் என்றால், கவர் போடாமல் விடுவதே மேல்.