தினை நாட்டின் சரிவுகள்: ஜப்பானின் இயா பள்ளத்தாக்கு

[காட்சி: மரக் கிண்ணத்தில் ஆவி பறக்கும் நூடுல்ஸ்]

வணக்கம். இந்தக் கிண்ணத்தில் இருப்பது சோபா. பக்வீட் மாவில் செய்த நூடுல்ஸ். ஜப்பானில் எங்கே போனாலும் கிடைக்கும், நீளநீளமாக உறிஞ்சிச் சாப்பிடுவார்கள். ஆனால் இது குச்சியில் எடுக்கும்போதே துண்டு துண்டாக உடைகிறது. சமையல்காரரைக் குறை சொல்லாதீர்கள். இழையைப் பிடித்து வைக்க வேறு மாவு அதிகம் சேர்ப்பதில்லை, அதனால் இயா சோபா இப்படித்தான் இருக்கும்.

சரி, ஏன் பக்வீட்? பெயரில் கோதுமை இருந்தாலும் அது புல் இனமே இல்லை. மெலிந்த மண்ணிலும் குளிரிலும் வந்துவிடும். நெல் நடுவதற்குத் தண்ணீர் தேங்கி நிற்கும் சமநிலம் வேண்டும். இயாவில் அதுதான் கிடையாது.

[காட்சி: பள்ளத்தாக்கின் மேலிருந்து, சரிவில் ஒட்டிவைத்ததுபோல் வீடுகள்]

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் சிறியது ஷிகோகு. அதன் நடுவில், டோகுஷிமா மாநிலத்து மியோஷி நகர எல்லைக்குள் இருக்கிறது இயா. நகரம் என்றதும் கட்டடங்களைத் தேடாதீர்கள். பெரும்பாலும் காடும் மலையும்தான். ஒச்சியாய் என்ற கிராமத்தில் அடி வீட்டுக்கும் உச்சி வீட்டுக்கும் 390 மீட்டர் உயர வித்தியாசம். பக்கத்து வீட்டுக்குப் போவதே சின்ன மலையேற்றம். 2005-இல் இந்தக் கிராமத்தை அரசு பாதுகாக்கப்பட்ட மரபுப் பகுதியாக அறிவித்தது. பழைய கூரை வீடுகள் சிலவற்றை உள்ளே வசதி செய்து தங்குவதற்கு விடுகிறார்கள். செலவு கொஞ்சம் கூடத்தான். ஆனால் இயாவில் ஒரு இரவு மட்டும் என்றால், நான் இங்கேதான் தங்கச் சொல்வேன்.

காரணம், காலையில் கதவைத் திறந்தால் தெரிகிற வயல். மலை வயல் என்றதும் நாம் படிக்கட்டு வயலை நினைப்போம். இங்கே படிக்கட்டு வெட்டுவது குறைவு. சில இடங்களில் 40 பாகை வரை சாயும் நிலத்தை அப்படியே உழுகிறார்கள். மழை பெய்தால் மண் ஓடிவிடாதா? ஓடும். அதற்காகவே புல் வளர்க்கிறார்கள். இலையுதிர் காலத்தில் உயரமான புல்லை அறுத்து, கூம்பு கூம்பாகக் கட்டி நிறுத்திக் காயவைப்பார்கள். பிறகு அதை வெட்டி வயலில் பரப்புவார்கள். புல் மழையின் அடியைத் தாங்கும், மண்ணைப் பிடிக்கும், மக்கி உரமாகும். அப்படியும் கீழே இறங்கிவிட்ட மண்ணை முள் போன்ற கருவியால் மேலே இழுத்துப் போடுவார்கள். வருடா வருடம் இதே வேலை. 2018-இல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு இந்த முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றது.

[காட்சி: தானியக் கதிர்கள், நெருக்கமாக]

இந்தக் கதிரைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். விரல் மடக்கியதுபோல் இருக்கிறதே, நம் கேழ்வரகேதான். ஜப்பானியர்கள் ‘ஷிகோகுபியே’ என்கிறார்கள், அதாவது ஷிகோகுச் சிறுதானியம். பக்கத்தில் விளைவது தினை. தினைக்கு ஜப்பானியப் பெயர் ‘அவா’. டோகுஷிமாவின் பழைய பெயரும் அவாதான். தினை நிறைய விளைந்ததால் வந்த பெயர் என்கிறார்கள். குறிஞ்சிப் பாட்டுக்காரர்கள் வந்திருந்தால் வீட்டை விட்டு வந்ததாகவே உணர்ந்திருக்க மாட்டார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். வீட்டின் நடுவே தரையில் பதித்த கணப்பு இருக்கும். அதைச் சுற்றிச் சாம்பலில் குச்சிகளைக் குத்தி நிறுத்தியிருப்பார்கள். குச்சியில் சின்ன உருளைக்கிழங்கு, கெட்டி டோஃபு (சோயாப் பாலில் செய்த கட்டி), ஜெல்லி போன்ற கொன்னியாகு, மேலே மிசோப் பூச்சு. மிசோ என்பது சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் விழுது. தீயில் வேகக் குச்சியைத் திருப்பித் திருப்பி வைப்பது பொம்மலாட்டப் பொம்மையைச் சுழற்றுவதுபோல் இருப்பதால் இதற்குத் ‘தெகோமவாஷி’ என்று பெயர். கொன்னியாகு எதில் செய்வது தெரியுமா? நம் சேனைக்கிழங்கின் நெருங்கிய உறவான ஒரு கிழங்கில். டோஃபுவோ, கயிற்றில் கட்டித் தூக்கிப் போகலாம் என்று சொல்லும் அளவுக்குக் கெட்டி.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சோபாவின் சாற்றில் பெரும்பாலும் மீன் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மிசோவிலும் இருக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

[காட்சி: கொடிப் பாலம், கீழே பச்சை நிற ஆறு]

இயா என்றால் எல்லோரும் காட்டுவது இந்தப் பாலத்தைத்தான். 45 மீட்டர் நீளம், ஆற்றிலிருந்து 14 மீட்டர் உயரம். காட்டுக் கொடிகளால் பின்னியது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதிதாகப் பின்னுகிறார்கள். கொடிக்குள்ளே இரும்பு வடம் ஒளிந்திருக்கிறது, ஆகவே அறுந்துவிடாது. ஆனாலும் காலடிக் கட்டைகளுக்கு நடுவே ஆறு தெரியும்போது அந்த வடம் ஞாபகத்துக்கு வராது. கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். 1185-இல் தன்னோஉரா கடற்போரில் தோற்ற தைரா என்ற போர்வீரர் குலத்தார் இங்கே ஒளிந்தார்கள், எதிரி வந்தால் வெட்டிவிடலாம் என்றுதான் கொடியில் பாலம் கட்டினார்கள் என்பது ஊர்க்கதை. கூட்டம் பிடிக்காதவர்கள் இன்னும் உள்ளே, கிழக்கு இயாவுக்குப் போங்கள். காட்டுக்குள் ‘கணவன் பாலம்’, ‘மனைவி பாலம்’ என்று இரண்டு இருக்கின்றன.

அந்த வழியில்தான் நகோரோ வரும். வயலில் ஆள் வேலை செய்கிறார், பேருந்து நிறுத்தத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கிட்டப் போனால் எல்லாம் துணிப் பொம்மை. ஒசாகாவிலிருந்து ஊர் திரும்பிய ஒரு பெண், விதையைக் கொத்தும் பறவைகளை விரட்ட அப்பாவின் சாயலில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை செய்தார். அப்புறம் ஊரைவிட்டுப் போனவர்கள், இறந்தவர்கள் என்று தொடர்ந்து செய்தார். இன்று ஊரில் மனிதர்களைவிடப் பொம்மைகள் பல மடங்கு. 2012-இல் மூடிய பள்ளிக்கூடத்திலும் பொம்மைகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. ‘பேய் ஊர்’ என்று தலைப்புப் போட்டு வீடியோ எடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்னும் மக்கள் வாழும் ஊர் அது.

[காட்சி: மலைப்பாதை, வளைவில் குவிகண்ணாடி]

போவது எப்படி? ஒகாயாமா நகரம் வரை ஷின்கான்சென் அதிவேக ரயில், அங்கிருந்து கடல் பாலத்தைக் கடந்து ஒபோகே நிலையம் வரை விரைவு ரயில், சுமார் இரண்டு மணி நேரம். அதன்பின் பேருந்து மிகக் குறைவு, கார் எடுப்பதே நல்லது. இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், இந்தியாவில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி செல்லும். பாதை பல இடங்களில் ஒரு வண்டிக்குத்தான் அகலம். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும். இலை சிவக்கும் அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம் பொருத்தமான நேரம். பெட்ரோலை மட்டும் மலை ஏறுவதற்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள்.