தோப்பில் முஹம்மது மீரானும் எங்கள் கடற்கரையும்

அன்பார்ந்த நேயர்களே, உங்கள் அனைவர்மீதும் சாந்தியும் சமாதானமும் உண்டாவதாக.

எனக்குப் பிடித்த நாவலாசிரியர் ஒருவரைப் பற்றி உரையாற்றுமாறு நிலையத்தார் அழைத்தபோது, யாரைத் தெரிவு செய்வது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் 1944ஆம் ஆண்டு பிறந்து, 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் காலமான தோப்பில் முஹம்மது மீரான் அவர்களே என் மனதில் வந்து நின்றார். கிழக்கிலங்கையின் மருதமுனையில் பிறந்து, கல்முனைப் பிரதேசப் பாடசாலைகளில் நீண்டகாலம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றிருக்கும் எனக்கு, எனது ஊரையும் எனது வீட்டையும் உற்றுப் பார்க்கக் கற்றுத் தந்தவர் கடலுக்கு அப்பால் வாழ்ந்த அந்த மிளகாய் வற்றல் வியாபாரிதான். ஆம், திருநெல்வேலியில் அவர் செய்து வந்த தொழில் அது. அந்த வியாபாரத்துக்கிடையில்தான் அவர் தமது நாவல்களை எழுதினார்.

1990களின் தொடக்கத்தில், அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் நான் பயிற்சி பெற்ற காலத்தில், விடுதித் தோழி ஒருத்தியிடமிருந்து ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ என் கைக்கு வந்தது. அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், சென்னைக்குப் போய்த் திரும்பியபோது வாங்கி வந்த புத்தகம் அது. அதுவரையில் நான் வாசித்திருந்த நாவல்களில் தஞ்சாவூர் அக்கிரகாரங்களும் கரிசல் காட்டு நிலங்களும் யாழ்ப்பாணத்துப் பனங்கூடல்களும் தாராளமாக இருந்தன. பள்ளிவாசலும் மையவாடி என்னும் அடக்கஸ்தலமும் கருவாட்டு வாடியும் அருகருகே கிடக்கின்ற ஓர் ஊர் எதிலும் இருக்கவில்லை. நமது நாட்டின் முதல் தமிழ் நாவலை 1885ஆம் ஆண்டு வெளியிட்ட சித்திலெப்பை அவர்கள் நம்மவர்தான் என்பதில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு. என்றாலும் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ எகிப்திலும் இந்தியாவிலும் நடக்கின்ற வீர சாகசக் கதை. உம்மாமார் முற்றத்தில் பாயை விரித்து மாசிக் கருவாடு காயவைக்கின்ற ஓர் ஊரைத் தமிழ் நாவலில் நான் முதன்முதலாகக் கண்டது மீரானிடத்தில்.

1988இல் நூலாக வந்த அந்த முதல் நாவலில், வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி ஊரையும் பள்ளிவாசலையும் தமது கைக்குள் வைத்திருக்கிறார். அவருடைய சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லாத அந்த ஊரில், சுறாப்பீலி, அதாவது சுறாமீன் துடுப்பு, வியாபாரம் செய்கின்ற ஏழை மஹ்மூது ஒருவன் மாத்திரம் அவருக்கு அடங்க மறுக்கிறான். ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஒன்றைத் திறக்க வருகின்ற ஆசிரியரை ஊர் ஹறாமானவராகப் பார்க்கிறது. தங்ஙள், அதாவது நபி வழிவந்த பெரியவர், என்று வந்து இறங்குகின்ற ஏமாற்றுக்காரரை அதே ஊர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. இந்த இடங்களை வாசித்தபோது எனது மூத்தம்மாவை, அதாவது உம்மாவின் தாயாரை, நான் நினைத்துக்கொண்டேன். குர்ஆனைத் தங்குதடையின்றி ஓதுவார். அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில், அச்சான மாலைப் பாட்டுக்களை இராகம் போட்டுப் படிப்பார். ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. குமரானதும் பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறித்துவிடுவதை மார்க்கமென்று நினைத்த தலைமுறை அது. மீரானும் மலையாள வழியில் படித்தவர் என்பதும், தமது கதைகளை மலையாள எழுத்தில் எழுதிப் பிறரைக் கொண்டு தமிழ் எழுத்துக்கு மாற்றினார் என்பதும் பின்னாளில்தான் எனக்குத் தெரிய வந்தது. திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த அவரது ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1ஆம் திகதிதான் என்பதை அறியும்போது இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. ஆனால் தமிழ் எழுத்தை அறியாமலே தமிழை நெஞ்சில் வைத்திருந்த எனது மூத்தம்மாவை நான் மதிக்கக் கற்றுக்கொண்டது இந்தச் செய்தியை அறிந்த பிறகுதான்.

இரண்டாவது நாவலான ‘துறைமுகம்’, கொழும்புக்குக் கருவாடு அனுப்பி அங்கிருந்து விலை வரும்வரை காத்திருக்கின்ற கரையோர மக்களைப் பற்றியது. கொழும்பு என்ற பெயரை அந்த மனிதர்கள் உச்சரிக்கும்போது அதில் எவ்வளவு ஆசையும் எவ்வளவு அச்சமும் கலந்திருக்கின்றன என்பதை இந்தக் கரையிலிருந்து வாசிக்கின்ற நாம் நன்றாக உணர்வோம். எங்கள் கரைவலையில் அதிகாலையிலேயே கயிற்றைத் தோளில் போட்டு இழுக்கத் தொடங்குபவர்கள், வலையின் மடி கரைக்கு ஏறும் நேரத்தில் மீனைப் பார்ப்பதில்லை. விலை சொல்பவரின் முகத்தையே பார்ப்பார்கள். கீரி மீன் குவியலாகத் துள்ளிக்கொண்டிருந்தாலும், முற்பணம் வாங்கியவருடைய பங்கு அவர் வீட்டுக்குப் போகும் முன்னரே கணக்குக் கொப்பிக்குள் போய்விடும். சிறுபிள்ளையாக இருந்தபோது சொப்பிங் பையோடு அந்த இடத்தில் நின்று நான் கண்டிருந்த காட்சிதான் இது. ஆயினும் அதற்குள் ஓர் அநியாயம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது என்பதைத் ‘துறைமுகம்’ வாசித்த பிறகே விளங்கிக்கொண்டேன். மீரான் அதைக் கோஷமாகச் சொல்வதில்லை. கடன்பட்டவன் முதலாளிக்கு முன்னால் எப்படி நிற்கிறான், தோளில் கிடந்த துண்டை எங்கே வைத்துக்கொள்கிறான், சலாம் சொல்லிவிட்டுப் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறான் என்று காட்டிக்கொண்டே போகிறார். நமக்குத்தான் நெஞ்சு கனத்துப் போகிறது.

இனி, ‘சாய்வு நாற்காலி’. 1997ஆம் ஆண்டு சாகித்திய அக்காதெமி விருது பெற்ற இந்த நாவலைப் பற்றித்தான் இன்று நான் அதிகம் பேச விரும்புகிறேன். ஏனென்றால் அது என்னோடு பேசிய அளவுக்கு வேறெந்த நாவலும் பேசவில்லை.

சௌதா மன்ஸில் என்ற பழைய பெருவீடு. மூதாதையர் திருவிதாங்கூர் மன்னருக்கு உதவி செய்து பெற்ற மானியமும் மரியாதையும் எப்போதோ கரைந்துவிட்டன. அந்தப் பரம்பரையின் கடைசிக் காலத்து ஆண்மகனான முஸ்தபாக்கண்ணு, வேலை எதுவும் செய்யாமல் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி பழம்பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாய்க்கு ருசியான சாப்பாடு வேண்டும். அதற்காக வீட்டில் உள்ள பொருட்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போகின்றன. அவருடைய மனைவி மரியம் தாத்தா (தாத்தா என்றால் நம்மிடத்தில் அக்கா) இதை எல்லாம் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருக்க வேண்டும். வாய் திறந்தால் அதபுப் பிரம்பு இருக்கிறது. பெண்களை ஒழுக்கத்தில் வைத்திருப்பதற்காக அந்தக் குடும்பத்து ஆண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்து வந்த பிரம்பு அது. பொருள் எல்லாம் போன பிறகும் பிரம்பு போகவில்லை என்பதை மீரான் சொல்லிச் செல்கின்ற விதத்தில், நான் புத்தகத்தை மூடிவிட்டு முற்றத்துக்கு எழுந்து போனேன்.

இந்த நாவலை நான் முதலில் வாசித்தது எனது உம்மாவின் வீட்டில். உம்மாவின் வீடு என்று நான் சொல்வது வெறும் பாசத்தினால் அன்று. கிழக்கிலங்கையில், தமிழரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும், வீடு பெண்ணுக்குரியது என்பது நேயர்களுக்குத் தெரியும். மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீடு பேசப்படும். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியேறுவார். குடி எனப்படும் வம்சப் பிரிவும் தாய்வழியே வரும். எங்கள் வீட்டு உறுதிப் பத்திரம், உம்மாவின் பெயரில், அவருடைய பட்டுச் சேலைகளுக்கு அடியில், றங்குப் பெட்டிக்குள் இருந்தது. எனது வாப்பா நல்ல மனிதர், நெசவாளி. ஆனாலும் கோபம் வந்தால் அவர்தான் வெளிக்கிட்டுத் தனது உம்மாவின் வீட்டுக்குப் போவார்; உம்மா போனதில்லை. போக வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. மரியம் தாத்தாவுக்கு அந்தப் பெருவீட்டில் தனக்கென்று ஒரு மூலையும் இல்லை என்பதை வாசித்த பின்னர்தான், எனது உம்மாவின் குரலில் இருந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெளிவாகியது. அது அவருடைய சுபாவம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவருடைய காலுக்குக் கீழே இருந்த நிலமும் அந்தக் குரலுக்குள் இருந்தது.

ஆகவே ஒரு நாவலில் நம்மைக் காண்பது என்றால், நமது வாழ்க்கை அப்படியே அதில் இருக்க வேண்டும் என்று நான் கருதுவதில்லை. சௌதா மன்ஸில் எங்கள் வீட்டைப் போன்றதே அன்று. அந்த வேறுபாடுதான் எங்கள் வீட்டை எனக்குக் காட்டியது. அதேவேளை, நமது வழக்கத்தை நினைத்து மார்தட்டிக்கொள்ளவும் மீரான் என்னை விடவில்லை. அந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பதற்காகவே கடல் கடந்து சென்று உழைத்துத் தேய்ந்த காக்காமாரையும், வீடு கட்டி முடியாததனால் வயது போய்க்கொண்டிருந்த குமருகளையும் நான் எனது வகுப்பறைக்கு வெளியே நிறையக் கண்டிருக்கிறேன். அவர்களுடைய கதையை எழுத இந்தக் கரையில் ஒரு மீரான் வேண்டும் என்று இன்றைக்கும் ஏங்குகிறேன்.

‘கூனன் தோப்பு’ நாவலை நான் ஆறுதலாக வாசித்தேன் என்று சொல்ல முடியாது. கரையோர முஸ்லிம்களுக்கும் அயலில் வாழ்கின்ற கிறிஸ்தவ மீனவர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தை மையமாகக் கொண்டது அது. மருதமுனைக்கு வடக்கே பெரியநீலாவணையும் தெற்கே பாண்டிருப்பும் தமிழ்க் கிராமங்கள். 1985இலும் 1990இலும் இந்தக் கரையோரத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்தவற்றை அறிந்த எவருக்கும், நேற்றுவரை ஒரே கிணற்றில் அள்ளிக் குடித்தவர்கள் ஒரே இரவில் ‘அவர்கள்’ ஆகிவிடுகின்ற அந்தப் பக்கங்கள் கதையாகத் தோன்றமாட்டா. தம்முடைய ஆட்களின் பக்கம் நின்று கணக்குத் தீர்ப்பதற்கு மீரான் அந்த நாவலை எழுதவில்லை. தமது சமூகத்துக்குள்ளே பகையை ஊதி வளர்த்தவர்கள் யார், அதனால் இலாபம் அடைந்தவர்கள் யார் என்றுதான் அவர் தேடுகிறார். சொந்தச் சமூகத்திலிருந்து அவருக்குக் கண்டனங்கள் வந்ததில் ஆச்சரியமில்லை. என் கணிப்பில் அவருடைய நாவல்களில் மிகுந்த துணிச்சலோடு எழுதப்பட்டது இதுதான். இரண்டு சமூகத்துப் பிள்ளைகளும் அருகருகே படிக்கின்ற நமது மாவட்டத்தில் இதை உயர்தர வகுப்பு மாணவர்கள் வாசிக்க வேண்டும் என்று நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன், இங்கும் சொல்கிறேன்.

2008இல் வந்த ‘அஞ்சுவண்ணம் தெரு’ நெசவாளர்கள் குடியேறிய ஒரு தெருவின் கதை என்பதனால், மருதமுனைக்காரியான எனக்கு அதில் தனி உரிமை உண்டு. எங்கள் வீட்டு முன்விறாந்தையில் வாப்பாவின் தறி நின்றது. விடியும்போதே நாடா ஓடுகின்ற சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். சாயம் தோய்த்த நூல் முற்றத்துக் கொடியில் சொட்டிக்கொண்டிருக்கும். உம்மாவும் நாங்களும் இராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்போம். சாறன், அதாவது கைலி, ஒன்று தறியிலிருந்து இறங்கும்போது அதன் கரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாப்பா மடிப்பார். அந்தத் தறிகள் குறைந்துபோன காலத்தையும், மார்க்கத்தை யார் சரியாகப் பின்பற்றுகிறார்கள் என்ற வாதத்தில் ஒரே தெருவுக்குள் சலாம் சொல்வதே நின்றுபோன காலத்தையும் எனது ஊரும் கண்டது. மீரான் தமது தெருவின் பிளவை எழுதுகிறார். பழைய நம்பிக்கைகளின் மீது அவருக்குள்ள பரிவை மறைக்காமலேயே எழுதுகிறார். முதல் நாவலில் தங்ஙளின் ஏமாற்றைத் தோலுரித்த அதே எழுத்தாளர், இங்கே பழைய பள்ளிவாசலின் தனிமைக்காக வருந்துவதை முரண்பாடு என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எளிய மனிதர்களின் ஈமானை விற்றுப் பிழைப்பவர்களையும் அதை ஏளனம் செய்பவர்களையும் அவர் ஒரே கண்ணால்தான் பார்க்கிறார்.

குறையும் சொல்ல வேண்டும். மீரானுடைய பெண்கள் பெரும்பாலும் துன்பப்படுகிறார்கள். துன்பத்தைச் சகித்துக்கொள்கிறார்கள், அல்லது அதற்குள் அழிந்து போகிறார்கள். எனது உம்மாவைப் போலப் பேரம் பேசுகின்ற, கணக்குப் பார்க்கின்ற, வாசற்படியில் நின்று பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்காரோடு வாதாடுகின்ற பெண்களை அவருடைய பக்கங்களில் நான் தேடிக் களைத்திருக்கிறேன். அவர் கண்ட உலகில் அப்படியானவர்கள் குறைவாக இருந்திருக்கலாம். ‘சாய்வு நாற்காலி’யில் வருகின்ற பூர்வீகக் கதைகளும் சில இடங்களில் நீண்டு, சௌதா மன்ஸிலின் அடுக்களைக்கு நாம் திரும்புவதைத் தாமதப்படுத்துகின்றன.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது எங்கள் வீட்டிலிருந்த புத்தகங்கள் அனைத்தும் போய்விட்டன. அவற்றில் மீரானுடைய நாவல்களைத்தான் நான் முதலில் திரும்ப வாங்கினேன்.

அவரைப் புதிதாக வாசிக்க விரும்புகின்ற நேயர்கள் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யிலிருந்து தொடங்குவது நல்லது. மலையாளம் கலந்த அந்தப் பேச்சு முதற் சில பக்கங்களில் சற்றுக் கடினமாக இருக்கும். வாய்விட்டு வாசித்தால் விரைவில் பழகிவிடும். நான் எனது மாணவர்களை அப்படித்தான் வாசிக்க வைத்தேன். அதன் பிறகு ‘சாய்வு நாற்காலி’க்குப் போகலாம். நாவலுக்கு நேரம் கிடைக்காதவர்கள் அவருடைய சிறுகதைகளில் சிலவற்றையாவது வாசித்துப் பாருங்கள். ‘அனந்தசயனம் காலனி’, ‘ஒரு குட்டித் தீவின் வரைபடம்’ ஆகிய தொகுதிகளை உங்கள் ஊர் நூலகத்தில் கேளுங்கள், இல்லையென்றால் வாங்கி வைக்குமாறு நூலகரிடம் சொல்லுங்கள்.

இந்த வாய்ப்பைத் தந்த நிலையத்தாருக்கும், இதுவரை செவிமடுத்த உங்களுக்கும் எனது நன்றி. வஸ்ஸலாம்.